எழுபத்தாறு

இரவு இரண்டே காலுக்குத் தொலைபேசி.
ஊமியோவில் வெளியே இருபத்தொரு டிகிரி உறைபனி,
என் குளிர்பெட்டிக்குள் நாலு.
ஊரைவிட ரத்தத்துக்குக் கதகதப்பு அதிகம்.

"பூர்மானுக்கு இரண்டு பை, டாக்னி."
ஹாக்கி மைதானத்தில்
பனியை மழித்து வழவழப்பாக்கும் வண்டி ஓட்டியவர்,
எழுபத்தொரு வயது.
மார்பைத் திறந்து, மூன்று இடத்தில்
மாற்றுப்பாதை போட்டு,
கம்பியால் தைத்து மூடி ஆறு மணி நேரம் ஆகிறது.

எடுத்து வைத்தேன்.
எண்ணைச் சரிபார்த்தேன், இரண்டு முறை,
பிறகு மூன்றாவது முறை.
மூன்றாவது விதியில் இல்லை. பயத்தில் இருக்கிறது.

மறுபடி மணி:
"ஒன்று போதும். இல்லை, ஒன்றும் வேண்டாம். பொறு."
ஹீமோகுளோபின் எழுபத்தாறு.
எழுபத்தைந்துக்குக் கீழே போனால்தான் கொடுப்பது.
ஒரே ஓர் எண்
கதவிடுக்கில் கால் வைத்து நிற்கிறது.

பின்னால் அவர் மனைவி குன்வோரின் குரல்:
"காகிதமாய் வெளுத்துக் கிடக்கிறார்,
கீழே பெட்டி நிறைய வைத்துக்கொண்டு
ஏன் இந்தக் கஞ்சத்தனம்?"
மருத்துவர் சீவ் என்ன சொன்னாளோ,
நான் கேட்கவில்லை.
நெடுநேரம் சொன்னாள்.

பகல் முறையில் எனக்கு வேறு வேலை,
பதிவேட்டில் கட்டம் நிரப்புவது.
எத்தனை பை. எத்தனை நாள் செயற்கை மூச்சு.
சிறுநீரகம் தாங்கியதா.
முப்பதாம் நாள்: இருக்கிறார், இல்லை.
பை கூடக் கூட
அந்தக் கடைசிக் கட்டம் கறுத்துக்கொண்டே போகும்.
முதல் வருடம் நடுங்கிப்போனேன்,
எல்லாம் நான் அனுப்பிய பைகள்.
பிறகுதான் உறைத்தது:
மோசமாய்க் கிடப்பவருக்குத்தானே அதிகம் போகிறது.
குடை பிடித்தவர்கள் நனைந்திருக்கிறார்கள் என்பதால்
குடையா மழையைக் கூட்டி வந்தது?
குடையில் ஓட்டையும் இருக்கலாம்.
கட்டங்களுக்கு அது தெரியாது.

என் அப்பாவுக்குப் பதினொரு பை.
தொண்ணூற்று மூன்றில், இதே கட்டடம்.
அன்று யாரும் பொறு என்று சொல்லவில்லை.
கேட்கும் முன்பே கொடுத்தார்கள், நல்ல மனசோடு.
ஒன்பதாம் நாள் போனார்.
அந்தப் பதினொன்றா, அவருடைய இதயமேதானா,
இந்தக் கேள்வியை
எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிபோல
சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு எழுபத்து மூன்று.
"ஒன்று அனுப்பு. ஒன்றே ஒன்று.
அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்."
குழாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.
சுவருக்குள்ளே காற்று அதை இழுத்துக்கொண்டு போனது,
மாடியில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல்.

ஏழு மணிக்கு எண்பத்திரண்டு.
குன்வோர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாளாம்,
ஒரு கையில் மட்டும் கையுறையோடு.

இங்கே ஒரு வழக்கம்.
ரத்தம் யாருக்காவது போய்ச் சேர்ந்தால்
கொடுத்தவர் கைபேசிக்கு ஒரு வரி போகும்:
உங்கள் ரத்தம் இன்று பயன்பட்டது, நன்றி.
யாருக்கு என்று இருக்காது.
யாருடையது என்று எனக்கும் தெரியாது.
ஷெலெஃப்தியோவில் ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்று
நானாக வைத்துக்கொள்கிறேன்.
மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் படிப்பாள்.

இரண்டாவது பை என்னிடமே இருக்கிறது.
வெளியே இருந்தது பதினெட்டு நிமிடம்,
முப்பதைத் தாண்டவில்லை, திருப்பி வைக்கலாம்.
காலாவதிக்கு ஒன்பது நாள்.
அதைக் கொடுத்தவனுக்கு இன்று செய்தி இல்லை.
மறந்துவிட்டார்கள் என்று நினைப்பானோ என்னவோ.

நேரம் குறித்துக் கையெழுத்துப் போடப் போனால்
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டினேன், ஊதினேன்.
பூர்மானின் முப்பதாம் நாள் பிப்ரவரி பதினாறு.
அந்தக் கட்டம் இன்னும் காலி.