பின்வாங்கு தூரம்

வெல்டன் கவுண்டியில் வரைபடம் வரைவது என் வேலை.
இண்டியானாவின் வடக்கு ஓரம்,
நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறை.
ஜன்னல் இல்லை. அதனால்
சூரியனைப் பற்றி எனக்கென்று கருத்து எதுவும் இல்லை
என்று கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன்.

முதல் படத்தில் ஆயிரத்து எண்ணூறு ஏக்கர்.
ஏழு குடும்பங்கள் கையெழுத்திட்டிருந்தன.
லோவல் ஹாவர்காம்ப்
முப்பது வருடக் குத்தகைக்கு ஒப்பமிட்டு,
அன்றே இடுப்பு அறுவைக்குத் தேதி வாங்கி,
கம்பெனிக்காரனின் பேனாவோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

வீடுகளிலிருந்து இருநூறு அடி தள்ளி, என்றது விதி.
மஞ்சளால் நிரப்பினேன்.
பழுத்த மாதிரி இருந்தது படம்.

பனி உருகுமுன்னே பலகைகள் முளைத்தன.
எல்லாம் ஒரே அச்சு, ஒரே சிவப்பு:
'விளைநிலம் தொழிற்சாலை அல்ல.'
எத்தனால் ஆலைக்குப் போகும் மக்காச்சோள வயலிலும்
ஒன்று நின்றது,
காற்றுக்கு முதுகைக் காட்டி.

கூட்டம் பள்ளி விளையாட்டுக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஐந்து உறுப்பினர்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பேனல் மினுங்கினால் பசுவுக்குப் பால் வற்றும் என்றார் ஒருவர்.
பசு வைத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.
நிலத்தடி வடிகால் குழாயை உடைத்தால் யார் தோண்டுவது
என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்வி.
கம்பெனிக்காரன் பதில் சொன்னான்.
அவன் பூட்ஸில் சேறு இல்லை;
எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

டோரீன் ஸ்டக்கி எழுந்தாள்.
"என் சமையலறை ஜன்னலில்
நாற்பது வருடமாக ஒரு தொடுவானம் இருக்கிறது.
அதற்கு வாடகை யார் தருவது?"
மணி அடிக்கவேண்டியவர் அடிக்க மறந்தார்.

லோவல் சொன்னார்:
"என் நிலம். நான் எதை அறுத்தால் உங்களுக்கென்ன?"
அவர் தம்பி டெல்பர்ட் எதிர்வரிசையில்,
சிவப்புச் சட்டையில்,
வளையத்தின் வலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்நூறு அடி.
ஓரம் கடித்த ரொட்டி போலானது மஞ்சள்.

மே மாதம், கட்சிக்குள் நடந்த முன்தேர்தலில்
ஆம் என்று கைதூக்கிய கிளெண்டா யோகம்
அறுபத்தொரு வாக்கில் தோற்றாள்.
பன்னிரண்டு வருடத்து மேசையை
ஒரு வாழைப்பழப் பெட்டியில் அடக்கிக்கொண்டு
என் படிக்கட்டைத் தாண்டிப் போனாள்.
வெற்றிபெற்றவன் இளைஞன், மரியாதையானவன்.
முதல் தீர்மானம்: ஆயிரம் அடி.
"தடை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்,"
என்றார் கவுண்டி வக்கீல்.
"தடை நீதிமன்றத்துக்குப் போகும்.
அடிக்கணக்கு போகாது."

வீட்டிலிருந்து ஆயிரம்.
தேவாலயத்திலிருந்து, கல்லறையிலிருந்து, ஓடையிலிருந்து,
கையெழுத்திடாதவன் வேலியிலிருந்து ஆயிரம்.
வட்டத்தின் மேல் வட்டம் போட்டேன்.
ஒன்று என் வீட்டைச் சுற்றியும் விழுந்தது.
என்னை யாரும் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
இப்போதும் தெரியவில்லை.

மிஞ்சிய மஞ்சள் பதினோரு ஏக்கர்.
விமானப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.
பழைய சுண்ணாம்புக்கல் குவாரி.
எழுபது அடி ஆழத்துக்குத் தண்ணீர்.

சபையில் தெரிவித்தேன்.
"அனுமதிக்கப்பட்ட இடம் ஒன்று உண்டுதானே?"
உண்டு, என்றேன்.
"குறிப்பில் ஏற்றுங்கள்."

அக்டோபரில் லோவல் கைத்தடியோடு இறங்கி வந்தார்.
ஒரு படியில் ஓய்வு, ஒரு படியில் வசவு.
படத்தின் நகலுக்கு எட்டு டாலர் எண்ணி வைத்து
குளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.
"மீனுக்குக் கரண்ட் கொடுக்கலாம்," என்றார்.
பிறகு, போகிற போக்கில் கேட்பவர் போல:
"பன்றிப் பண்ணைக்கு எத்தனை அடி?"

விதிப்புத்தகத்தைப் புரட்டவேண்டியிருந்தது.
நானூறு.

படத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
எங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்து வரும்.
டெல்பர்ட்டின் வீடு
கிழக்கே, நானூற்றுப் பத்தாவது அடியில்.