எட்டுக் கண்

பாலத்துக்குத் தூண் கால்.
தூணுக்கும் தூணுக்கும் நடுவில் தண்ணீர் போகிற இடம் கண்.
செங்கால்துறைக்கு நான் போட்ட முதல் படத்தில்
பதினொரு கண்.
தாமிரபரணிக்கு அதுவே நெருக்கடிதான்;
கார்த்திகையில் ஒரு ராத்திரி
கேட்காமல் வந்து நிற்கிற ஆறு.

துளை போட்டவர் பலவேசம்.
மண்மாதிரிகளை மரப்பெட்டியில் அடுக்கி
ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஆழம் எழுதி
கலெக்டர் ஆபீஸ் வராந்தாவரை தோளில் கொண்டுவந்தார்.
"எம்மா, பழைய படத்துல ஆத்துத் தரை இருக்க எடத்துல
இப்பம் காத்துதான் இருக்கு.
ஒம்பது அடி மணலக் காணோம்."

அந்த ஒன்பது அடி
கூட்டத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை.
கனிமவள அதிகாரி தண்ணீர் குடித்தார்.
தாசில்தார் மின்விசிறியைப் பார்த்தார்.
படத்தில் அதை ஏற்றினால்
ஏற்றிக்கொண்டு போன லாரி யாருடையதென்று கேள்வி வரும்.
ஏற்றாவிட்டால்
அஸ்திவாரம் பாதியில் நின்றுவிடும்,
வெள்ளம் தூணின் காலடியைப் பறித்துவிடும்.

பாலத்துக்கு யார் பெயர் என்பதற்கு
இரண்டு மணி நேரம்.
மூன்று பெயர், மூன்று சாதி,
மூன்று உண்ணாவிரதத் தேதி.
பலகைக்கு மட்டும் இடம் விடுவதென்று தீர்மானம்.
அரிப்பு ஆழத்துக்கு இரண்டு நிமிடம்.
மரப்பெட்டி மேசைக்கடியில் கிடந்தது,
யாருடைய செருப்போ அதன்மேல்.

கோட்டப் பொறியாளர் ஞானதிரவியம்
என்னை வெளியே கூப்பிட்டார்.
கெட்டவர் இல்லை. ஓய்வுபெற எட்டு மாதம்.
"பிரம்மசக்தி, ஆழமா அகலமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு.
பாறை வரைக்கும் கேணி இறக்கித் தாரேன்.
பாறை நெனச்சதவிட கீழ இருக்குன்னு எழுதிக்கிடுவோம்,
மணலப் பத்தி மூச்சு விடாண்டாம்.
அந்த ரூவாய்க்கு வடகரையில
மூணு கண்ண மண்ணக் கொட்டி மூடிருவோம்."

வடகரையில் கீழத்தெரு.
நாற்பத்தொரு வீடு.
பழைய பெருவெள்ளம் வாசற்படியைத் தொட்டுத் திரும்பிய தெரு.
"தண்ணி?" என்றேன்.
"கொஞ்சம் ஏறும். எவ்வளவுன்னு நீயே போடு."

போட்டேன்.
வண்ணார்பேட்டை வாடகை வீட்டில்
பால் வழிந்து அடுப்பு அணைந்தது தெரியாமல்.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
இணைப்பு ஏழு, குறிப்பு மூன்று,
கோப்பின் கடைசித் தாள்.
இன்னும் இருக்கிறது. யாரும் படித்ததில்லை.
கீழே கையெழுத்து என்னுடையது.

திறப்பு விழாவில் எம்.எல்.ஏ. மைக்கைத் தட்டினார்:
"எட்டுக் கண்ணு பாலம்வே இது!
இனி நம்ம ஊரு எட்டுக்கண்ணும் விட்டெரியும்!"
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.
பதினெட்டு கிலோமீட்டர் சுற்றிப்போன ஆம்புலன்ஸ்
அன்றைக்குச் சாயங்காலமே நேராகக் கடந்தது.
உள்ளே தலைப்பிரசவம்.
அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வருஷம் வெள்ளம்,
அளவுகோலில் பழைய வெள்ளத்தின் அதே கோடு.
தூண் ஒன்றும் அசையவில்லை.
வடிந்த நாலாம் நாள்
டேப்போடு கீழத்தெருவுக்குப் போனேன்.

ஏசுவடியாள் கைப்பிடிச் சுவரில்
பாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
"பாலம் நல்லாக் கட்டிருக்கிய.
கல்லு மாதி நின்னுச்சு.
நாங்க மூணு நாளு பள்ளிக்கூடத்து மாடில நின்னோம்."
குத்தலா இல்லையா, முகத்தில் தெரியவில்லை.

படியிலிருந்து சுவரில் சேறு விட்ட கோடுவரை
அறுபத்திநான்கு.
என் சர்வீசில் இவ்வளவு சரியாக
வேறெந்தக் கணக்கும் வந்ததில்லை.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த பையன்
"எவ்வளவுக்கா?" என்றான்.
சொன்னேன்.
"அதுக்கு எவ்வளவு தருவாவ?"