கேட் கணக்கு

காலை ஆறு பத்துக்கு மூடினால் ஆறு இருபதுக்குத் திறக்கும்.
எட்டே காலுக்கு மூடினால் சொல்ல முடியாது.
மத்தியானத்தில் நிலக்கரி வண்டி வந்தால்
ரெண்டு பீடி தீரும்வரை நிற்கணும்.

யார்டில் கண்டெய்னர் நம்பர் எழுதும் சீட்டின் பின்பக்கம்
பத்தொன்பது நாளாகக் குறித்து வருகிறேன்
கொருக்குப்பேட்டை கேட் மூடுவதையும் திறப்பதையும்.
இந்தப் பக்கம் எங்கள் வீடு.
ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், ராயபுரத்தில்.

"இன்னா, பரீட்சைக்குப் படிக்கிறியா?"
என்கிறாள் ஹேமாவதி.
கால் வீங்கி அவள் செருப்பு நுழையவில்லை.
என்னுடையதை மாட்டிக்கொண்டு
தண்ணி லாரிக்கு வரிசை பார்க்கப் போகிறாள்.
வெறுங்காலோடு பின்னால் நான், நாலு குடத்தோடு.

பை கட்டியாயிற்று.
நைட்டி கிழித்து, வெந்நீரில் அலசி,
மொட்டைமாடியில் காயவைத்த துணி பதினாறு.
பிக்மி நம்பர் எழுதின அட்டை.
மூடி சரியாகப் பொருந்தாத பிளாஸ்க்.
அமுலு போட்டிருந்த குல்லாவை
பரணில் எலி கடித்திருந்தது;
ஓட்டைமேல் ஒரு பூ வைத்துத் தைத்துவிட்டாள்.

கொக்கியில் புடவை கட்டி
கனம் தாங்குமா என்று இழுத்துப் பார்த்தேன்.
முதலில் ஏறிப் படுத்தது அமுலு.
ஆறு வயசு. முட்டி ரெண்டும் வெளியே துருத்தின.
இறங்குடி என்றால் "செக் பண்றேன் நைனா" என்றாள்.
இருட்டும்வரை செக் பண்ணினாள்.
இட்லியை உள்ளேயே நீட்டினோம்.

அவளுக்குத் தெரியாது,
அவளுக்கும் இதற்கும் நடுவில் ஒன்று வந்ததும்
தங்காமல் போனதும்.
முந்தின வருஷம் ஆடியில்.
அன்றைக்குக் கேட் மூடியிருந்தது
இருபத்திரண்டு நிமிஷம்.
முதல் நாளே உள்ளே அடங்கியிருக்கும்,
கேட் ஒன்றும் செய்யவில்லை என்றார் டாக்டரம்மா.
ஹேமா நம்பினாள்,
அல்லது நம்புவதென்று முடிவெடுத்தாள்.
எனக்கு எண்ணத்தான் தெரியும்.

நேற்று ராத்திரி இரண்டே முக்காலுக்குத்
தோளைத் தட்டினாள்.
எதிர்வீட்டு கஜபதி லுங்கியோடு ஆட்டோ எடுத்தார்.
அமுலுவைப் போர்வையோடு அள்ளி
மடியில் போட்டுக்கொண்டேன்.
கேட் திறந்திருந்தது.
தண்டவாளம் நான்கும் விளக்கில் மினுங்க,
ஒரு நாய் மட்டும் நடுவில் உட்கார்ந்து
காதைச் சொறிந்துகொண்டிருந்தது.
பதினோரு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி.
இத்தனை நாள் படித்ததில் ஒரு கேள்விகூட வரவில்லை.

விடியும்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு
கையுறையை உருவிக்கொண்டே நர்ஸ் சொன்னார்:
"சூட்டு வலிம்மா.
துடிப்பு நல்லாகீது. வூட்டுக்குப் போய்த் தூங்கு.
இன்னும் நாலஞ்சு நாள் ஆவும்."

திரும்பி வரும்போது மூடியிருந்தது.

கஜபதி இன்ஜினை அணைத்தார்.
காசிமேட்டு மீனோடு நின்ற குட்டியானையிலிருந்து
ஐஸ் தண்ணீர் எங்கள் சக்கரம்வரை ஓடிவந்தது.
கம்பிக்கடியில் குனிந்து சைக்கிள்கள் போயின.
அப்புறம் கூட்ஸ்,
கறுப்பாக, அவசரமே இல்லாமல்.

அமுலு விழித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.
பதினாலு. பதினஞ்சு.
ஹேமா அவள் கையை இழுத்து
வயிற்றின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.
இருபத்தேழு. இருபத்
"யம்மா! உள்ள யாரோ இடிக்கிறாங்க!"
"உன்ன மாதிரிதான். ரயிலு சத்தம் கேட்டா தூங்காது."

எத்தனை பெட்டி போனதோ.
எத்தனை மணிக்குக் கம்பி உயர்ந்ததோ.
சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது,
பேனாவும்.

பின்னால் ஹாரன்கள் கத்த ஆரம்பித்தன.
கஜபதி திரும்பிப் பார்த்தார்.
"போலாமா பாப்பா?
இல்ல, இன்னொரு வண்டி வரணுமா?"

வயிற்றிலிருந்து கையை எடுக்காமல்
அமுலு சொன்னாள்:
"இன்னொண்ணு."