ஐந்தாவது பொத்தான்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
அன்று துறைமுகத்தையே மூடிவிட்டார்கள்.
படகு அக்கரையில் கட்டுண்டு கிடக்க
ஒவிதியோ பார்ரியா
போர்வெனிரிலிருந்து கைப்பேசி வழியே
வகுப்புக்குள் வந்தான்,
திரையின் மூலையில் ஒரு சாம்பல் வட்டமாக.

வயது நாற்பத்தொன்று.
பதினேழு வருடம் நண்டுப் படகில்.
இப்போது செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
இதுவரை அவன் குரலை
வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஆசிரியர் அல்ல.
கடைசி வரிசைக்கும் பின்னால்
வயர்களோடு உட்கார்ந்திருக்கும் ஆள்.
ஒலிவாங்கி இரைந்தால் மட்டும்
அறுபது தலைகள் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

"யார் அழுத்தியது என்று தெரியாது,
பயப்படாமல் அழுத்துங்கள்" என்பார் யஸ்னா.
அவருக்குத் தெரியாதுதான்.
என் திரையில் தெரியும்:
யார் எதை அழுத்தினார்,
எத்தனை நொடி தயங்கினார்,
அழுத்திய விரலை எங்கே மாற்றிக்கொண்டார்,
எல்லாம்.
எவரிடமும் சொன்னதில்லை.
வாக்குமூலம் கேட்கும் பாதிரியைப் போல
சூடான ஒரு பெட்டியை
மடியில் வைத்துக் காக்கிறேன்.

அன்றைய கேள்வி:
நோயாளிக்கு மருந்து 1,250 அலகு.
ஒரு மில்லியில் 250.
எவ்வளவு ஏற்றுவீர்கள்?

ஐந்து மில்லி என்றார்கள் முப்பத்தொரு பேர்.
ஒரு துளியில் பத்தில் ஒரு பங்கு
என்றார்கள் இருபத்தெட்டுப் பேர்.
சுவரில் இரண்டு பட்டைகள்
ஏறக்குறைய ஒரே உயரத்தில்
முறைத்துக்கொண்டு நின்றன.

"இப்போது பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுங்கள்."

நாற்காலிகள் திரும்பின.
துளியைப் பத்தாக அரிய
எந்தக் கத்தி வைத்திருக்கிறாய் என்று
மிர்யாம் கார்க்கமோ கேட்டாள்.
எழுதியிருப்பதைத்தானே கணக்குப் போட்டேன் என்றான் இவோ,
காது மடல் சிவக்க.
தாள்கள், விரல்கள், ஒரு கெட்ட வார்த்தை,
மேசையில் தட்டிய பேனா.
அவ்வளவு இரைச்சலில்
படிப்பு நடந்துகொண்டிருந்தது.

ஒவிதியோவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.
கடல்தான் இருந்தது.
என் திரையில் அவன் பெயருக்கு எதிரே:
பதிலளிக்கவில்லை. மதிப்பெண் பூஜ்யம்.

பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தி,
காற்று மூன்று முறை அறுத்து அறுத்து அனுப்பியது:

"ஊசியைக் கீழே வைப்பேன்.
எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பேன்.
அதற்குப் பொத்தான் இல்லையே."

யஸ்னா அதை உரக்கப் படித்தார்.
திரும்பிச் சுவரைப் பார்த்தார்.
இன்னும் அருகே போய்ப் பார்த்தார்.

எங்கள் நாட்டில் காற்புள்ளி என்றால்
முழு எண் அங்கே முடிந்தது.
1,250 என்றால் ஒன்றேகால்.
அவர் தட்டச்சியது வெறும் 1250.
நடுவில் அந்தக் கொக்கியை
இயந்திரம் தானாகப் போட்டிருக்கிறது,
தான் பிறந்த தேசத்து வழக்கப்படி,
உதவி செய்கிற நல்லெண்ணத்தில்.

"இந்தப் புள்ளியை வைத்தது யார்?"

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை
மார்ச் மாதமே மாற்றியிருக்க வேண்டும்.
மாற்றாதவன் நான்.
பெயர் சொல்லாமல் ஒப்புக்கொள்ள
எனக்குப் பொத்தான் எதுவும் இல்லை.

கை தூக்கினேன்.
அந்த அறையில் ஒன்பது ஆண்டுகளில்
முதல் முறை.

ஒருவரும் சிரிக்கவில்லை.
இவோ மட்டும் பெருமூச்சு விட்டான்.
யஸ்னா பேனாவை எடுத்து
வெள்ளைத் திரையென்றும் பாராமல்
பட்டைகளுக்குப் பக்கத்தில் கையால் எழுதினார்:
உ. கேட்பேன்.
அந்த மை இன்னும் போகவில்லை.
எந்தப் படம் காட்டினாலும்
அதன் ஓரத்தில் நீலமாய்த் தெரிகிறது.

வியாழக்கிழமை படகு ஓடியது.
ஒவிதியோ டீசல் வாடையோடு வந்து
கடைசி வரிசையில் அமர்ந்தான்,
சார்ஜ் போட இடமிருக்குமா என்று
என்னிடம் கேட்டான்.

ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு
இடம் கொடுத்தேன்.
எந்த வயர் என்று
பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.