மதகு திறந்திருக்கும் நேரம்

இரவு இரண்டே முக்கால்.
கடல் இந்நேரம் கதவுக்குக் கீழே
இறங்கியிருக்கும் என்கிறது அட்டவணை.
கடலிடம் கேட்டால் இன்னும் இல்லை என்கிறது.
நான் கடலை நம்புகிறவள்.
ஜார்ஜ்டவுனின் கிழக்கோரம் இந்த மதகுக்கு
டெஸ்ரி பொவெல் ஆகிய நான்தான் ஆள்,
பத்தொன்பது வருடமாக.

டச்சுக்காரன் அடிமைகளை வைத்துச் சேறு வெட்டி
கடலின் படுக்கையில் ஊரைப் போட்டுவிட்டுப் போனான்.
அன்றிலிருந்து தினம் இரண்டு முறை
கடல் தன் இடத்தைக் கேட்டு வருகிறது.
இல்லை என்று சொல்ல
ஒரு கதவு, ஒரு சங்கிலி, ஒரு கைப்பிடி.
கடல் இறங்கினால் கதவை ஏற்று,
ஊர்த்தண்ணீர் வெளியே போகட்டும்.
கடல் ஏறினால் இறக்கு.
வேலை இவ்வளவுதான்.
குழந்தைகூடச் செய்யும்,
தூக்கம் வராத குழந்தையாக இருந்தால்.

நூற்று முப்பத்தாறு சுற்று.
எண்பதில் தோள் பேசத் தொடங்கும்.
நூற்றுப் பத்தில் அடியில் கறுப்புத் தண்ணீர் மூச்சு விடும்.
பிறகு ஓட்டம்தான்:
வாய்க்கால் அல்லியின் இலை, சோற்றுப் பெட்டிகள்,
பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை முழுசாக ஒரு நாற்காலி,
யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

முதல் வருட நோட்டில் என் கையெழுத்து
பள்ளிக்கூடப் பிள்ளையுடையதுபோல நிமிர்ந்து நிற்கிறது.
கதவு திறந்திருந்தது: ஐந்து மணி நாற்பது நிமிடம்.
போன வாரம்: நாலே கால் மணி.
யாரும் கேட்கவில்லை.
நானாகத்தான் அட்டவணையின் பின்பக்கம்
கழித்து, வகுத்துப் பார்த்தேன்.
வருடத்துக்கு நாலரை நிமிடம்.
அதில் ஒரு முட்டை அரைவேக்காடு வேகும்.

பெருமழைக்கு எங்கள் வட்டாரம் வடிய மூன்று மணி நேரம் வேண்டும்.
இந்தக் கணக்கில்
பதினேழாம் வருடம் அந்த மூன்று மணியும் தேய்ந்துவிடும்.
பொறியாளர் வந்து பார்த்தார், நல்ல மனிதர்,
பம்பு வைப்போம் என்றார்.
பம்புக்கு டீசல், டீசலுக்குக் கையெழுத்து,
கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இருக்க வேண்டும்.
இரண்டு வருடமாகிறது.
பம்பைச் சுற்றி வேலி வந்துவிட்டது.
பம்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாவோனும் மருமகன் ஹேம்ராஜும்
வீட்டு வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்கள்.
கான்கிரீட். தரையோடு தரையாக.
தூண் மேல் நிற்கும் மரவீடெல்லாம் பழசு, அத்தை,
இது எண்ணெய் கிடைத்த ஊர் என்றான்.
வங்கிக் கடன் முப்பது வருடம்.
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.

கடைசிப் பக்கத்தில் கடைசித் தவணைத் தேதி இருந்தது.
அட்டவணையைப் பார்க்கும் கண்ணோடு
அதைப் பார்த்தேன்.
அன்று கடல் எத்தனை மணிக்கு இறங்கும் என்று
வங்கி அச்சடிக்கவில்லை.
பதினேழு போனால் பாக்கி பதின்மூன்று.
பதின்மூன்று வருடம் இவர்கள்
முழங்கால் தண்ணீரில் நின்று தவணை கட்டுவார்கள்.

எட்டடித் தூண் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.
ஹேம்ராஜ் போனை எடுத்து
தூணுக்கு என்ன ஆகும் என்று கூட்டத் தொடங்கினான்.
பாதியில் நிறுத்திவிட்டான்.
அம்மா, விளையாடாதே என்றாள் லாவோன்.
பத்தொன்பது நோட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.
அவள் திறக்கவில்லை.
பழச்சாற்றுக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டு
குளியலறைக்கு என்ன நிறம் என்று
அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.
கோப்பையை எடுத்தபோது
மேல்நோட்டின் அட்டையில் ஈர வட்டம்.

அந்தக் காகிதம் இப்போது என் பையில்,
ரொட்டிக்கும் டார்ச்சுக்கும் நடுவில்.
வெள்ளிக்குள் கொடுக்க வேண்டுமாம்.

கதவுக்கு அந்தப் பக்கம் பழுப்புத் தண்ணீர்,
இந்தப் பக்கம் கறுப்பு.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
இரண்டும் ஒரே மட்டத்தில்,
பேரம் படியாத இருவர்போல.
ஊர் தூங்குகிறது. ஒரு நாய் மட்டும் சுவர்மேல் நடக்கிறது.

மூன்று.
மூன்று பத்து.

மூன்றே கால்.
சரி, இப்போது விடுகிறது.
கையில் எச்சில் தடவிக்கொள்கிறேன்.
ஒன்று.
இரண்டு.