பன்னிரண்டு தவணை

சலவை இயந்திரம் வந்த அன்று
சரி, ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.
என் பெயரில், பன்னிரண்டு தவணை.
நூற்று நாற்பத்தேழு படி
இரண்டு பேர் முதுகில் சுமந்து ஏற்றினார்கள்.
"பார்த்து, பார்த்து" என்று எதையும் பிடிக்காமல்
கையை மட்டும் நீட்டிக்கொண்டே வந்தேன்,
அப்பா செய்வதுபோல.
அது முதல் தடவை சுழன்றபோது
தரையில் உட்கார்ந்து முடியும்வரை பார்த்தேன்.
பையில் மறந்த பேருந்துச் சீட்டு
எல்லாத் துணியிலும் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

வால்பரைசோ துறைமுகச் சுங்கத்தில்
எனக்கென்று ஒரு முத்திரைக் கட்டை உண்டு.
கப்பல் கப்பலாய் வாழைப்பழத்தை நாட்டுக்குள் விடுகிறேன்.
ஆனாலும் சினியோரா ஒலிவாரெஸ்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தால்
வீட்டுப்பாடம் எழுதாத வயிறு.
அம்மாவிடம் போனில் கேட்டேன்:
எந்த வயதில் உனக்கு இது உறைத்தது,
இனி நாம்தான் பெரியவர்கள் என்று?
"சட்டி கருகுது, அப்புறம் பேசு."

மார்ச்சில் ஓர் இரவு, இரண்டே கால் மணி.
முதலில் நாய்கள்.
பிறகு அலமாரிக் கோப்பைகள்
ஒன்றோடொன்று ஏதோ சொல்லிக்கொண்டன.
பிறகு தரை.
இங்கே பிறந்தவர்களுக்குக் கணக்குத் தெரியும்:
பத்து எண்ணும்வரை படுக்கையிலேயே கிடக்கலாம்,
இருபதில் கதவைத் திறந்து வைக்க வேண்டும்,
அதற்கு மேல் யாரும் எண்ணுவதில்லை.
நான் முப்பத்தொன்றுவரை எண்ணினேன்.
சலவை இயந்திரம் அறையின் நடுவுக்கு
நடந்து வந்து நின்றது,
என்னிடம் ஏதோ கேட்க வந்தது மாதிரி.
ஏழு தவணை பாக்கி.

மின்சாரம் இல்லை. வாசலில் யாரோ.
கீழ்வீட்டு எலிசேயோ, எட்டு வயது,
ஒரு காலில் செருப்பு,
கக்கத்தில் ஓர் ஆமை.
அவன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
"தீயா" என்றான்.
இந்த ஊர்ப் பிள்ளைகள்
வளர்ந்த பெண்களை அப்படித்தான் கூப்பிடும்,
அத்தை என்றோ சித்தி என்றோ வைத்துக்கொள்ளுங்கள்,
ரத்தம் சம்பந்தப்படாதது.
நேற்றுவரை அவனுக்கு நான் வெறும் யஸ்னா.
யாரைச் சொல்கிறான் என்று
திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக.
பின்னால் இருட்டு. இருட்டில் சலவை இயந்திரம்.

"இன்னொண்ணு வருமா?"
எனக்கு எப்படித் தெரியும்?
பூமி என்னைக் கேட்டுக்கொண்டா ஆடுகிறது?
முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை.
வாயிலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது,
இரவல் கோட்டு மாதிரி
தோளில் கொஞ்சம் தொளதொளவென்று:
"வரலாம். வந்தால் மேசைக்கு அடியில் போவோம்.
இந்த ஆமை என்ன சாப்பிடும்?"

கேஸை மூடினேன்.
அவன் அம்மாவுக்கு எழுதினேன்:
இங்கே இருக்கிறான், ஆமையும்.
டார்ச் அடித்துச் சுவரில் விரிசல் தேடினேன்,
எது புதியது என்று தெரியாமலே.
பையன் கண்ணெடுக்காமல் என்னைப் பார்த்திருந்தான்.

எனக்குப் பத்து வயதில் வந்த அந்தப் பெரிய நடுக்கத்தில்
அப்பா டார்ச்சை
இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
ஒரு டார்ச்சுக்கு எதற்கு இரண்டு கை என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.
இப்போது குனிந்து என் கைகளைப் பார்த்தேன்.

விடிந்ததும் அவன் அம்மா
வெள்ளைச் சப்பாத்தோடு படியேறி வந்தாள்.
பையன் கிடைத்துவிட்டான்.
ஆமையைத்தான் காணோம்.
எட்டு மணிக்கு வாழைப்பழம் காத்திருக்கும்,
ஒலிவாரெஸ் காத்திருப்பாள்,
நாங்கள் மூவரும் வயிறு தரையில் பட
சலவை இயந்திரத்துக்கு அடியில்
கீரை இலை நீட்டி
"வா, வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்.