ஒரு மாத்திரை முன்னால்

என் பிழைப்பு ஈயடிச்சான் காப்பி.
இசையமைப்பாளர் பென்சிலில் கிறுக்கித் தருவதை
விடிவதற்குள் மையில் பிரித்தெழுத வேண்டும்.
வயலினுக்கு, செல்லோவுக்கு,
முரசுக்கு, கொம்புக்கு என்று தனித்தனித் தாள்.
பக்கத்துக்கு மூன்று ஷில்லிங்.
ஈ செத்துக் கிடந்தால் ஈயையும் எழுதுவேன்.

அறுபத்தேழு பிப்ரவரி, லண்டன்.
கணப்பு மீட்டருக்குப் போடக் காசு தீர்ந்த அறை.
செட்ரிக் ஹாஸ்லம் கொடுத்தனுப்பியிருந்தார்
துறைமுகப் போலீஸ் தொடர் ஒன்றின் முகப்பிசை,
முப்பத்தெட்டு நொடி.
விரல் விறைத்த மூன்று மணிக்கு
கொம்பின் தாளில், ஐந்தாம் கட்டத்தில்,
ஒரு மௌனத்தை எழுதாமல் விட்டேன்.

மௌனத்துக்கும் குறி உண்டு எங்கள் எழுத்தில்,
வாலறுந்த பல்லி போல ஒரு நெளிசல்.
அந்தப் பல்லி தப்பித்துவிட்டது.

காலையில் ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்சுவரில்
ஈரக் கோட்டோடு நின்றேன்.
திருத்தம் வந்தால் எழுத ஆள் வேண்டுமே.
கொம்பு வாசித்தவள் டிலிஸ் புரோதெரோ,
வேல்ஸில் ஏதோ சுரங்க ஊர்க்காரி,
நாற்காலிக்கு அடியில் முட்டைகோஸ் பை.

ஐந்தாம் கட்டம்.
எல்லோரும் மூச்சை இழுக்கும் நேரம்
அவள் மட்டும் உள்ளே வந்துவிட்டாள்,
மணி அடிக்காமலே கூடத்தில் நிற்கும் விருந்தாளி மாதிரி.
வந்தவள் ஓடவில்லை.
அந்த ஒரே சுரத்தில் காலூன்றி
பஸ்ஸைப் புறப்படவிடாமல் பிடித்து வைத்தாள்
வயலின்கள் ஓடி வந்து ஏறிக்கொள்ளும்வரை.

ஹாஸ்லம் புருவம் தூக்கினார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒரு மணிக்கு மேல் போனால் எல்லாருக்கும் இரட்டைக் கூலி.
"இருக்கட்டும்" என்றார்.

அவளுக்கு ஒன்பது பவுன்.
எனக்கு முப்பத்தாறு ஷில்லிங்.
ஹாஸ்லத்துக்கு
வியாழனுக்கு வியாழன், பதினேழு வருஷம்.

எட்டு மணிக்குத் தெருவில் நடந்தால்
ஜன்னலுக்கு ஜன்னல் என் தப்பு.
பால்காரன் அதைச் சீட்டியடித்தான்,
பிசகாமல் பிசகி.
கீழ்வீட்டு நாய் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும்
தலையைத் தூக்கி ஊளையிடும்.

எண்பத்துநான்கில் புதுசாக்கினார்கள்.
ஒரு சின்தசைசர், ஒரே பையன்.
மூலப் பென்சில் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து
ஒழுங்காக எண்ணி வாசித்தான்.
மூன்று சாக்குக் கடிதம் வந்ததாம்.
கொம்பு லேட்டாக வருகிறது.
காசை மிச்சம்பிடிக்க எவனோ பழகாதவனை வைத்திருக்கிறீர்கள்.
என் கணவர் போன வாரத்திலா இதைச் செய்ய வேண்டும்.
ஆறாம் வாரம் பழைய நாடாவைத் தேடி எடுத்தார்கள்.

டிலிஸை மறுபடி பார்த்தது
தொண்ணூற்றொன்றில், லூயிஷமில், மீன்வறுவல் கடையில்.
மூலையில் டீவி. மறுஒளிபரப்பு முடியும் நேரம்.
அவளுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது.
கொம்பை விற்றாயிற்று.
ஐந்தாம் கட்டம் வந்தபோது
எங்கள் இருவர் வாயிலும் உருளைக்கிழங்கு அப்படியே நின்றது.

சொல்லிவிட்டேன்,
இருபத்துநாலு வருஷமாய்த் தொண்டையில் கிடந்த முள்ளை.

"தெரியுமே" என்றாள்.
"நாலு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.
இந்தத் தொழிலில் எண்ணாமலா பிழைத்தேன்?
ஒத்திகையில் சரியாகத்தான் ஊதினேன்,
நீ குடையை உதறிக்கொண்டிருந்தாய்."

பிறகு ஏன்?

"உப்பில்லாத மெட்டு, பாவம் செட்ரிக்.
உன் தாளில் இருந்தது தேவலாம் போலிருந்தது."

வினிகர் புட்டியை நகர்த்தச் சொன்னாள்.
நகர்த்தினேன்.
சாம்பல் நிறக் கடல்மேல் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன.
இசை, செட்ரிக் ஹாஸ்லம்.
தலைமுடி அலங்காரம், யாரோ.
கடைக்காரன் மீனைப் புரட்டியபடி
அதையே சீட்டியடிக்கத் தொடங்கினான்,
சுருதி கொஞ்சம் விலகி.
நான்காம் கட்டம் முடிந்ததும் நிறுத்திவிட்டு
அடுத்து யார் என்று கேட்டான்.